ரிஸ்பாள் என்றால் தணல்

பிரஸ்ஸுக்கு எதிரே புதிதாக ஒரு இஸ்திரி வண்டி வந்திருக்கிறது. இன்று காலையில் அந்த மனிதர் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துப் பழைய அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சிரட்டைக்கரி மெல்லச் சிவந்து வந்தது. அந்த வாசனை தெருவைத் தாண்டி எங்கள் பைண்டிங் அறைவரை வந்தது. காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "தணல்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்திலும் நீ எதையும் முழுதாகப் படித்தவள் இல்லை. பஸ் போர்டைக்கூட என்னிடம்தான் கேட்பாய்.

அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். பட்டாசுக் கம்பெனியில் நாம் ஒன்றாக வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க அதை வாயில் எடுத்ததே இல்லை. தணல், தீ, நெருப்பு, கங்கு எதுவுமே கிடையாது. தூக்குவாளியில் சோறு ஆவி பறக்க இருந்தாலும் "இன்னும் ஆறல" என்போமே தவிர, சுடுகிறது என்று சொல்ல மாட்டோம். வெடிமருந்து நமக்கு வெறும் மருந்து. எங்காவது வெடித்து ஆள் போனால், "அங்கன ஒரு சத்தம் கேட்டுச்சாம்" என்பதோடு சரி. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும் என்பது சர்க்கார் விதி. அந்தச் சொற்களைச் சொல்லாதது நாமாக வைத்துக்கொண்ட விதி. சர்க்கார் விதியை அவசரத்தில் யாராவது மறப்பார்கள். இதை ஒருத்தியும் மறந்ததில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நீ ரிஸ்பாள் என்ற பெயரோடு வேலைக்கு வந்தாய்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. மல்லாங்கிணறு பக்கம் காட்டு வேலைக்குப் போன உன் அம்மாவுக்கு முதலில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. கருப்பசாமிக்கும் நேர்ந்துகொண்டாள், சர்ச்சுக்கும் போனாள். நீ பிறந்து பிழைத்துக்கொண்டதும் உபதேசியார் வந்து, வேதப் புத்தகத்தை அவள் மடியில் வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு தென்னங்குச்சியைத் தாள்களுக்கு நடுவில் செருகச் சொன்னாராம். குச்சி நுழைந்த பக்கத்தில் முதலில் வருகிற பெண் பெயர்தான் பிள்ளைக்கு. உங்கள் ஊரில் அப்போது அப்படித்தான் பெயர் வைத்தார்கள். சாராளோ மரியாளோ வந்திருக்க வேண்டியது, உனக்கு ரிஸ்பாள் வந்தது. உபதேசியார் பெயரை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு, அடுத்த ஊர் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறிவிட்டார். அந்தப் பெயரைச் சுற்றி இருந்த கதையைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இன்னொரு தடவை குச்சியைச் செருகச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அந்தப் பெயர் யார் வாயிலும் ஒழுங்காக நுழையவில்லை. ரிசுப்பா, ரேசப்பா என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். உன் மாமியாருக்குக் கடைசிவரை நீ ரீசுதான். நான் ஒருத்திதான் ரிஸ்பா என்று சுத்தமாகச் சொல்கிறேன், அதனால்தான் கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைக்கிறாய் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்திருந்தேன். என் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருந்ததுதான் காரணம் என்று பிறகு நீயே போட்டு உடைத்தாய்.

உங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வந்த போதகர் சின்ன வயதுக்காரர். எபிரேய மொழி படித்துவிட்டு வந்திருந்தார். படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெண்கள் ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும், ஒவ்வொரு பெண்ணாக எழுப்பி அவரவர் பெயருக்கு அர்த்தம் சொன்னார். தெபோராள் என்றால் தேனீ, ராகேல் என்றால் பெண் ஆடு, சூசன்னாள் என்றால் லீலிப்பூ. ஒரே சிரிப்பு. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். கேசரி கொடுப்பார்கள் என்று உன்னோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் முறை வந்ததும் அவர் கொஞ்சம் தயங்கி, "அது அபூர்வமான பேரும்மா, அப்புறம் சொல்றேன்" என்றார்.

நீ விடுவாயா? "தேனீ, ஆடுன்னு எல்லாத்துக்கும் சொல்லிட்டீக. எனக்கு மட்டும் என்னங்கய்யா வஞ்சகம்?" என்றாய்.

சபை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "தணல்னு அர்த்தம். கனன்று எரிகிற கரித்துண்டு" என்று சொல்லிவிட்டார்.

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் பட்டாசுக்குப் போகிறவர்கள். வெளியூர்க்காரரான அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பலிபீடத்துத் தணலுக்கும் இதே சொல்தான், தேவதூதன் ஒருவன் அதைக் குறட்டால் எடுத்துவந்து ஒரு தீர்க்கதரிசியின் உதட்டைத் தொட்டுச் சுத்தமாக்கினான், அப்பம் சுடுகிற சூடான கல்லின் பெயருக்கும் இதே வேர்தான் என்று அவசர அவசரமாக அடுக்கிக்கொண்டே போனார். அதெல்லாம் யார் காதில் விழுந்தது? எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நாம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே செய்தி கம்பெனிக்குப் போய்விட்டது. சரம் பின்னும் அறையில் நம்மோடு உட்காருகிற முத்துலட்சுமியும் பேச்சியம்மாளும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள். உன்மேல் அவர்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. முத்துலட்சுமி அழுதேவிட்டாள். "உங்கள நான் எப்படிக்கா கூப்பிடுவேன்? கூப்பிட்டா அந்தச் சொல்லச் சொன்ன மாதிரில்ல ஆயிரும்?" என்றாள். நீ எப்போதும்போல் கேலி பேசிச் சமாளிக்கப் பார்த்தாய். போர்மேன் அண்ணாச்சியிடம் என்னைக் காட்டி, "இவ பேரு மாரிதான அண்ணாச்சி, மாரின்னா மளதான? இவள ஏம்பக்கத்துல ஒக்கார வச்சுட்டா அவ அணைச்சுருவா" என்றாய். அவர் சிரிக்கவில்லை.

"நான் இதையெல்லாம் நம்புற ஆளு இல்ல தாயி," என்றார். "ஆனா ஒரு அறையில கூட இருக்கிறவுக கை நடுங்குச்சுன்னா என்ன ஆகும்? அவுக எதுக்கு நடுங்குனாகன்னு மருந்துக்குத் தெரியுமா? பேர மாத்திக்க. செல்வின்னு கூப்பிடுறோம்."

நல்ல மனிதர் அவர். நம்மில் ஒருத்தியையும் ஏய் என்று கூப்பிட்டதில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பயந்தவர்கள்மேலும் பிழை இல்லை. போதகரும் நீ கேட்டதற்குத்தானே சொன்னார். யார்மேலாவது கோபப்பட்டுத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் ஓர் ஆள் அகப்படவில்லை. நீ மாற்ற மாட்டேன் என்றாய். "எங்கம்மா வச்ச பேரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கச் சரம் பின்னாமல், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாய். உன் இடத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. நான் பின்னிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நீ யாரோடும் பேசாமல் அம்புட்டு நேரம் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குக் கிளம்பினாய். "வேற நல்ல அர்த்தமும் இருக்கும் மாரி. கேட்டு வாங்கிட்டு வந்துருவம்" என்றாய். ரேஷன் கடையில் நல்ல அரிசி கேட்டு வாங்குவதுபோலச் சொன்னாய். போதகர் நமக்குக் காபி கொடுத்தார். அவர் முகம் வாடியிருந்தது. கம்பெனியில் நடந்ததை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "அர்த்தத்த விடுங்கம்மா, அந்தப் பேரோட இருந்தவளப் பாருங்க. அவ மாதிரி ஒரு தாய வேதத்துல நான் பார்த்ததில்ல" என்று ஆரம்பித்தார். உன்னைத் தேற்றத்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

ரிஸ்பாள் சவுல் ராஜாவின் மறுமனையாட்டி. அவளுடைய தகப்பன் பெயர் ஆயா. "தகப்பனுக்கா ஆயான்னு பேரு?" என்று நீ குறுக்கே புகுந்தாய். எபிரேயத்தில் அது பருந்தைக் குறிக்கிற சொல் என்றார். சவுல் செத்துப்போன பிறகு, தாவீது ராஜாவின் காலத்தில் பஞ்சம் வந்தது. சவுல் ஒரு ஜனத்தைக் கொன்று குவித்த பழிதான் பஞ்சமாக வந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஜனங்கள் கேட்டபடி, சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற நாளில் அவர்களை மலைமேல் தூக்கிலிட்டு, புதைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் ஒரு முரட்டுத் துணியைக் கொண்டுபோய்ப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். மழை பெய்கிற நாள்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் பிணங்களின் பக்கம் வரவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தாள். பருந்தின் மகள் பருந்தை விரட்டினாள் என்றார் போதகர். கடைசியில் ராஜாவின் காதுக்கு அது எட்டி, எலும்புகளையெல்லாம் சேர்த்து முறையாக அடக்கம் செய்யச் சொன்னாராம்.

நீ காபியைத் தொடவே இல்லை. "அந்தப் பயலுக என்னங்கய்யா தப்புச் செஞ்சாக?" என்று கேட்டாய்.

"அவங்க ஒண்ணும் செய்யலம்மா."

"அப்ப எதுக்கு அவுகளப் பிடிச்சுக் கொடுத்தாக?"

"காபி ஆறுதும்மா" என்றார்.

"அவ ஒண்ணுஞ் சொல்லலியா? கத்தலியா? ராசாவ நாலு வார்த்த வையலியா?"

"அவ பேசினதா ஒரு வார்த்தகூட எழுதலம்மா" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். "ரெண்டு பயலுக மாரி. எனக்கும் ரெண்டு" என்றாய். எப்போதோ எங்கேயோ நடந்த கதை, அதற்கும் உனக்கும் என்ன என்று நான் பொரிந்து தள்ளினேன். அந்தப் பெயரில் உலகம் முழுக்க எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளெல்லாம் செத்தா போனார்கள் என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் நீ கேட்டுக்கொண்டாய். "தெரியுது புள்ள. எனக்கு நல்லாத் தெரியுது. தெரிஞ்சாலும் பயம் போகமாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அடுத்த வாரம் போர்மேன் அண்ணாச்சியிடம் போய், "செல்வின்னே கூப்பிடுங்க" என்றாய். சரம் பின்னும் அறைக்குத் திரும்பினாய். முத்துலட்சுமி "செல்வியக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். கம்பெனிக்காக நீ இறங்கி வந்துவிட்டாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிள்ளைகளுக்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரை ஒரு பொழுதாவது கழற்றி வைத்தால், அந்தக் கதை வீட்டுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாய் போலிருக்கிறது. "வீட்ல மூச்சு விட்ராத. பயலுக கேட்டா சிரிப்பானுக. சிரிச்சாக்கூடப் பரவால்ல, பயந்துட்டானுகன்னா?" என்றாய். உன் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கும் நீ சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பயல்கள் இருவரையும் பட்டாசுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவிடவில்லை நீ. பெரியவனை சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் சேர்த்துவிட்டாய். சின்னவன் காலேஜுக்குப் போனான். தீபாவளிக்குக்கூட அவர்கள் ஒரு மத்தாப்பைக் கையில் பிடிக்கக்கூடாது. ஊருக்கெல்லாம் சரம் பின்னுகிறவள் வீட்டில் ஒரு புஸ்வாணம் கிடையாதா என்று தெருவே உன்னைக் கேலி செய்தது. எனக்கு மருந்துத் தூசியால் இளைப்பு வந்து, திருத்தங்கலில் இந்த பைண்டிங் வேலைக்கு மாறிவிட்டேன். உனக்கும் இங்கே இடம் கேட்டு வைத்தேன். "இந்த சீசன் முடியட்டும் புள்ள" என்றாய்.

அந்த சீசன் முடிவதற்குள்தான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று எல்லோரும் கேட்டோம். தாயில்பட்டிப் பக்கம் என்றார்கள். நம் கம்பெனி பஸ் போகிற வழி. பெரியாஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உன் பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். பெரியவன் மைக்கறை படிந்த கையோடு வந்திருந்தான். காயம்பட்டவர்களில் நீ இல்லை. பிணவறைக்கு யாரையும் விடவில்லை, விட்டாலும் அடையாளம் தெரியாது என்று பேசிக்கொண்டார்கள்.

போர்மேன் அண்ணாச்சியை ஒரு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். காதில் பஞ்சு வைத்திருந்தது. வெடித்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். அண்ணாச்சி தினமும் காலையில் நம்மைக் கூப்பிடுகிற அதே வரிசையில் மனப்பாடமாகச் சொன்னார். முத்துலட்சுமி என்றதும் கூட்டத்தில் ஒரு பக்கம் அலறல் எழுந்தது. பேச்சியம்மா என்றதும் மரத்தடியில் ஒரு கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்வி என்றார். ஒருவரும் அழவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை செல்வி என்றார். பிறகு கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். உன் பிள்ளைகளையும் பார்த்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சின்னவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "சித்தி, அம்மா பேரு இல்ல! கேட்டீகளா? அம்மா பேரு சொல்லல!" அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "உடமரக் காட்டுக்குள்ள ஓடியிருக்கும் சித்தி. போன தடவ மேலக் கம்பெனியில அப்படித்தான ஓடுனாக? சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றான். ஓடிப்போய் டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தான். "குடிங்க சித்தி. காலையில இருந்து ஒண்ணுஞ் சாப்பிட்டிருக்க மாட்டீக."

நான் டீயை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "அந்தச் செல்விக்குத்தான் யாரும் வரல போல. மத்தவுகளுக்கெல்லாம் அளுகுறாக. அதுக்கு அளுகக்கூட ஆளில்ல, பாவம்" என்றான்.

உனக்குத் தெரியும், நான் பேச்சுக்குச் சளைத்தவள் இல்லை. அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம், என் கையில் இருந்த டீ ஆறுகிற வரைக்குமாவது அவன் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குள் பெரியவன் யாரிடமோ பைக் கேட்டு வாங்கி வந்து, "நான் காட்டுப் பக்கம் போய்த் தேடிக் கூட்டிட்டு வாறேன்" என்று சாவியைப் போட்டான். அவனைப் போகவிட்டால் அந்த முள்ளுக் காடு முழுக்க அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு திரிவான்.

"போக வேண்டாம்யா," என்றேன். "செல்விங்கிறது உங்க அம்மாதான்யா."

சின்னவனுக்குப் புரியவில்லை. நான்தான் பதற்றத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துவிட்டான். "எங்கம்மா பேரு ரிஸ்பாள் சித்தி" என்று, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான். நான் அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

அடக்கத்தில் உன் பெயரை முழுதாகச் சொன்னார்கள். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போதகர் என்னிடம் வந்து, அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அழுதார். "நீங்க சொன்னதால ஒண்ணும் ஆகலங்கய்யா, அவ மாத்துனதாலயும் ஒண்ணும் ஆகல" என்றேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல அது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மெஷின் சூடாகியிருக்கும், ஒரு தட்டு உரசியிருக்கும், யாருக்கும் தெரியாது. தெரிந்த நீங்கள் அந்த அறைக்குள்ளேயே போய்விட்டீர்கள்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நீ எதற்குப் பயந்தாயோ அது நடக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்தவளுக்குப் பறவையையாவது விரட்ட முடிந்தது. எனக்கு அங்கே செய்வதற்கு இருந்தது, அந்தச் செல்வி நீதான் என்று சொல்கிற ஒரு வேலைதான். நான் சொல்கிறவரைக்கும் அவர்களுக்கு நீ உயிரோடு இருந்தாய்.

அம்மா எதற்காகப் பெயரை மாற்றியது என்று பிறகு இருவரும் கேட்டார்கள். கம்பெனியில் கூப்பிடத் தோதாக இருக்கட்டும் என்று மாற்றினாள் என்றேன். மீதியை நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். பெரியவன் அதோடு விட்டுவிட்டான். சின்னவன் இன்னும் பண்டிகைக்குப் பண்டிகை என்னைப் பார்க்க வருகிறான். வாய்யா என்று நான் எழுந்திரிப்பதற்குள், வாசலில் நின்றபடி, இன்னும் என்ன சொல்லப்போகிறேனோ என்பதுபோல அவன் முதலில் என் வாயைத்தான் பார்க்கிறான்.